ஸ்லிங் கோணம்: தூக்கும் முன் டேப்பால் ஒரு சோதனை

1,000 கிலோ பாரத்தை இரண்டு ஸ்லிங்கில் (பாரத்தைக் கொக்கியில் தொங்கவிடும் பட்டை, கயிறு அல்லது சங்கிலி) தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் 500 கிலோதான் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஸ்லிங்குகள் செங்குத்தாக நின்றால் மட்டுமே அது சரி. கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் ஒவ்வொன்றிலும் சுமார் 577 கிலோ இழுவிசை வரும், 45-இல் 707, 30-இல் முழு 1,000. அதற்குக் கீழே போகவே வேண்டாம்.

கோணமானி தேவையில்லை. பாரத்தில் ஸ்லிங் மாட்டும் இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். சம நீளமுள்ள இரண்டு ஸ்லிங்குகளும் அந்தத் தூரத்துக்குக் குறையாமல் இருந்தால் கோணம் 60 டிகிரி அல்லது அதற்கு மேல். கூரை தாழ்வான இடத்தில்தான் குட்டை ஸ்லிங் போடத் தோன்றும். அங்கே ஸ்ப்ரெடர் பீம் (ஸ்லிங்குகளை விரித்து, பாரத்துக்கு நேராகத் தொங்கவிடும் குறுக்கு உத்தரம்) போடுங்கள்.

திறன் எழுதிய டேக் இல்லாத ஸ்லிங்கை ஒதுக்கிவிடுங்கள். கூர்விளிம்பில் பட்டை ஸ்லிங் பட்டால் அறுந்துவிடும், காப்புத் துண்டு அவசியம்.

முதலில் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் கையால் அழுத்திச் சரிசெய்யாதீர்கள். ஈர்ப்பு மையம் கொக்கிக்கு நேர்கீழே இல்லை என்று அர்த்தம். இறக்கிவிட்டு, மாட்டும் இடத்தை மாற்றுங்கள்.