ஆழ்ந்த சிக்கலை ஆங்கிலத்தில் எழுதச் சரியான சொல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு விஷயம் மிகவும் சிக்கலானது என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டிய இடத்தில், புதிதாக எழுதுவோர் பெரும்பாலும் 'வெரி காம்ப்ளிகேட்டட்' என்று எழுதுகிறார்கள். இல்லையென்றால் ஒத்த பொருளுள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் அகராதியான தெசாரஸைத் திறந்து, கண்ணில் படும் நீளமான சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது வழியில்தான் ஆபத்து அதிகம். அங்கே வரிசையாக நிற்கும் சொற்கள் பொருளில் நெருங்கியவைதான் என்றாலும், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது.

படி 1: அகராதியைத் தொடுவதற்கு முன், அது எவ்வகைச் சிக்கல் என்பதைத் தமிழிலேயே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பல உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குகின்றனவா, வேலைப்பாடு நுணுக்கமானதா, உள்ளே போனவருக்கு வழி தெரியாமல் போகிறதா, அல்லது தீர்வு எட்டாத பிரச்சினையா என்று பிரித்துப் பாருங்கள்.

படி 2: அந்த வரிக்குப் பொருந்தும் சொல்லைத் தேடுங்கள். 'காம்ப்ளெக்ஸ்' பின்னுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்தும், 'காம்ப்ளிகேட்டட்' மடித்தலைக் குறிக்கும் வேரிலிருந்தும் வந்தவை. பேச்சில் இரண்டும் கலந்தே புழங்கினாலும், கவனமான எழுத்தில் முதல் சொல் பொருளின் அமைப்பைக் குறை கூறாமல் சொல்கிறது. இரண்டாவது, அதைப் புரிந்துகொள்ளவோ கையாளவோ நாம் படும் பாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே மூளை, பருவநிலை, பொருளாதாரம் ஆகியவற்றுக்கு முதல் சொல்லும், நிரப்பி முடிக்க முடியாத விண்ணப்பப் படிவத்துக்கு இரண்டாவது சொல்லும் பொருந்தும். கல்லில் செதுக்கிய சிற்ப வேலைக்கும் கைக்கடிகாரத்தின் உட்புறத்துக்கும் 'இன்ட்ரிக்கேட்'. கிரீட் தீவில் டேடலஸ் கட்டியதாகக் கிரேக்கப் புராணம் கூறும் சுழல்வழி மாளிகையிலிருந்து பிறந்த 'லாபிரிந்தைன்', சந்துகளுக்கும் நடைக்கூடங்களுக்கும் உரியது. பிரச்சினை அல்லது கேள்வி என்றால், முள் நிறைந்தது என்று நேர்ப்பொருள் தரும் 'தார்னி' போதும்.

'ப்ரஃபவுண்ட்' என்பதை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அது ஆழத்தைச் சொல்கிறதே ஒழியச் சிக்கலைச் சொல்வதில்லை; மிக எளிய வாக்கியம்கூட ப்ரஃபவுண்ட் ஆக இருக்கலாம்.

படி 3: சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் தீர்ப்பைக் கவனியுங்கள். என் பார்வையில் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுவே முக்கியமானது. 'கான்வல்யூட்டட்' என்றால், நேராகச் சொல்லியிருக்கக்கூடியதைத் தேவையின்றி முறுக்கிவிட்டார்கள் என்று பொருள். ஒரு பேராசிரியரின் வாதத்தைப் பாராட்டுவதாக எண்ணிக்கொண்டு இச்சொல்லைப் போட்டால், அவர் அதை வசையாகவே படிப்பார். 'பைசன்டைன்' என்ற சொல், கிழக்கு ரோமானியப் பேரரசு எனப்படும் பைசாந்தியப் பேரரசின் அரசவையைப் பற்றிய மேற்கு ஐரோப்பியரின் இளக்காரத்தைச் சுமந்து வருவது (அந்தப் பேரரசுக்கு அது நியாயமா என்பது வேறு விஷயம்). அதனால் வரிச் சட்டத்தையும் அலுவலக நடைமுறையையும் சாடுவதற்கு அது பொருந்தும். நடுநிலையான அறிக்கைக்குப் பொருந்தாது.

படி 4: சொல்லுக்குத் துணையாக வழக்கமாக எவை வருகின்றன என்று பாருங்கள். 1990 முதலான அமெரிக்க ஆங்கிலத்தை 100 கோடிச் சொற்களுக்கு மேல் திரட்டி வைத்திருக்கும் கோகா (COCA) என்னும் சொற்தொகுப்பில் 'இன்ட்ரிக்கேட்' என்று தேடினால், 'பேட்டர்ன்', 'டிசைன்' போன்றவை அதன் பக்கத்தில் வருவதைக் காணலாம். அவ்வளவு தூரம் போக விரும்பாதவருக்கு நல்ல அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களே போதும்.

படி 5: அழுத்தம் தேவையா என்று முடிவு செய்யுங்கள். கருவி, அமைப்பு, செயல்முறை ஆகியவற்றுக்கு 'ஹைலி காம்ப்ளெக்ஸ்' இயல்பானது. மனித உறவுக்கும் கதைமாந்தருக்கும் 'டீப்லி காம்ப்ளெக்ஸ்' நன்றாக ஒலிக்கும். 'டீப் காம்ப்ளெக்ஸ்' என்று இதே பொருளில் எழுதுவது பிழை. 'லாபிரிந்தைன்' போன்ற சொற்களுக்கு முன்னால் 'வெரி' வேண்டியதில்லை.

படி 6: அடுத்த வாக்கியத்திலேயே சான்று கொடுங்கள். மூளை காம்ப்ளெக்ஸ் என்று எழுதியவுடன், அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதையும், அவை ஒவ்வொன்றும் பல மற்ற அணுக்களோடு இணைந்திருப்பதையும் சொன்னால், பெயரடைமேல் விழும் பாரம் குறைகிறது. அதன் பிறகு அதே மூளையை, சொல் மாறட்டும் என்பதற்காக மட்டும் அடுத்த பத்தியில் 'இன்ட்ரிக்கேட்' என்றும் அதற்கடுத்த பத்தியில் 'கான்வல்யூட்டட்' என்றும் மாற்றி எழுத வேண்டாம். வாசகர் வேறு ஏதோ தன்மையைச் சொல்கிறீர்கள் என்று எண்ணித் தேடத் தொடங்குவார்.