செல்போனை வகுப்பறைக் கேமராவாக்குவது எப்படி? ஒரு ரிடார்ட் ஸ்டாண்டும் ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லும் போதும்

கரும்பலகையில் கோணத்தைச் சமமாக வெட்டிக் காட்டும்போது பிள்ளைகளுக்குத் தெரிவது பெரும்பாலும் என் முதுகுதான். மரக் கவராயத்தில் சாக்பீஸைச் செருகி நான் வில் போடுவது ஒரு வேலை. அவர்கள் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் சின்னக் கவராயம் வழுக்கி ஓடாமல் பிடிப்பது வேறு வேலை. விரல் எங்கே பிடிக்கிறது, முள் எங்கே ஊன்றுகிறது என்று கடைசி பெஞ்சுக்குக் காட்ட எனக்கு இருபது வருடமாக வழி தெரியவில்லை.

இதற்கென்றே விசுவலைசர் என்று ஒரு கருவி விற்கிறார்கள். மேசை மேல் நின்று, கீழே இருப்பதைப் பெரிய திரையில் காட்டும் கேமரா. அதே வேலையை நம் செல்போனே செய்யும். காரைக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பள்ளிக்கு டிவி வந்த புதிதில் அதைத் துணி போர்த்தி மூடி வைத்திருந்தோம், செட்டிநாட்டு வளவு வீட்டில் பூட்டி வைத்த சீர்ச் சாமான் மாதிரி. விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும். இப்போது வாரத்துக்கு நாலு நாள் ஓடுகிறது. செயலி எதுவும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

தேவையானவை: கேமரா நன்றாக இருக்கும் ஒரு போன், டிவி அல்லது புரொஜெக்டர், அறிவியல் ஆய்வகத்து ரிடார்ட் ஸ்டாண்ட், ஒரு பழைய துணி.

படி 1: போனை நிறுத்துங்கள்

ரிடார்ட் ஸ்டாண்டில் குடுவையைப் பிடிக்கும் இடுக்கியில் துணியைச் சுற்றி, போனைப் படுக்கைவாட்டில் இடுக்கிவிடுங்கள். கேமரா கீழே பார்க்க வேண்டும். பக்கவாட்டு பட்டன் எதுவும் இடுக்கிக்குள் அமுங்கக் கூடாது. அமுங்கினால் போன் தானாக அணையும், அல்லது சத்தம் கூடிக்கொண்டே போகும். மேசையிலிருந்து ஒரு அடிக்குச் சற்று மேலே இருந்தால் ஓர் ஏ4 தாள் முழுவதும் திரையில் அடங்கும். ஸ்டாண்டின் அடித்தட்டில் ஒரு செங்கல்லையோ இரண்டு கனமான புத்தகத்தையோ வையுங்கள். போன் கனத்தில் ஸ்டாண்ட் முன்பக்கம் சாய்ந்துவிடும்.

தாள் இருக்க வேண்டிய இடத்தின் நாலு மூலையையும் மேசையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு மும்முரத்தில் கை கேமராவின் சட்டத்துக்கு வெளியே போய்விடும்; பிள்ளைகள் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படி 2: டிவியோடு சேருங்கள்

பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான். வழி மூன்று.

ஒன்று, கம்பியில்லாமல். போனின் அமைப்புகளில் காஸ்ட், ஸ்கிரீன் மிரரிங், ஸ்மார்ட் வியூ என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அதைத் தட்டினால் டிவியின் பெயர் வரும், தொட்டால் சேர்ந்துவிடும். சில டிவிகளுக்குப் போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். மிராகாஸ்ட் என்ற வசதி போன், டிவி இரண்டிலும் இருந்தால் ரவுட்டர், இண்டர்நெட் எதுவும் வேண்டாம், இரண்டும் நேரடியாகவே பேசிக்கொள்ளும். எங்கள் பள்ளியில் சிக்னல் வேப்பமரத்தடியில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் எனக்கு இதுதான் கைகொடுத்தது.

இரண்டு, டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கம்பி. படம் தடுக்காமல் வரும். ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் போன் அந்தத் துளை வழியாகப் படம் அனுப்புமா என்று பாருங்கள். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது சார்ஜுக்கும் கோப்பு மாற்றுவதற்கும் மட்டும்தான். நான் பார்க்காமல் வாங்கினேன். அந்தக் கம்பி இப்போது என் மேசை டிராயரில் தூங்குகிறது.

மூன்று, நடுவில் ஒரு லேப்டாப். எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற இலவச மென்பொருள், யுஎஸ்பி கம்பியில் சேர்த்த ஆண்ட்ராய்டு போனின் திரையை அப்படியே லேப்டாப்பில் காட்டும். போனில் டெவலப்பர் அமைப்புக்குள் போய் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டியிருக்கும். ஒருமுறை யாரையாவது உட்கார வைத்துச் செய்துகொள்ளுங்கள், அப்புறம் தொந்தரவில்லை.

கம்பியில்லா வழியில் படம் கொஞ்சம் தாமதித்துத்தான் டிவியில் வரும். அதனால் டிவியைப் பார்த்து எழுதாதீர்கள், கை தடுமாறும். தாளைப் பார்த்தே எழுதுங்கள்.

படி 3: போனின் வாயை அடையுங்கள்

முதல் நாள் இதை மறந்தேன். கணக்கில் சமச்சீர்த் தன்மைப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. டிவியின் உச்சியில் வீட்டுக்காரரின் செய்தி வந்து விழுந்தது: ‘ஞாயித்துக்கிழமைக்கு ஆட்டுக்கறியா, நாட்டுக்கோழியா?’ நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வகுப்பே சேர்ந்து கத்தியது, ‘கோழி டீச்சர்!’

ஃபிளைட் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திரும்ப இயக்குங்கள். கூடவே ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பையும் போடுங்கள். ஸ்கிரீன் ரொட்டேஷனையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் போன் தரையைப் பார்க்கும்போது எது மேல் எது கீழ் என்று தெரியாமல் படம் புரளும்.

படி 4: வெளிச்சமும் ஃபோகஸும்

கேமராவைத் திறந்து வீடியோவுக்கு மாற்றுங்கள். தாளின் மேல் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பிறகு கை உள்ளே வந்தாலும் படம் மங்கித் தெளிந்து கண்ணை உறுத்தாது.

டியூப் லைட்டுக்கு அடியில் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், கேமரா அமைப்பில் ஃபிளிக்கர் என்று தேடி 50 ஹெர்ட்ஸாக மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் அந்தக் கணக்குதான். அந்த அமைப்பே உங்கள் போனில் இல்லையென்றால் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். பக்கவாட்டில் விழும் பகல் வெளிச்சத்துக்கு ஈடு எதுவும் இல்லை. முற்றம் வைத்து வீடு கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பென்சில் வேண்டாம், கறுப்பு ஸ்கெட்ச் பேனா. எழுத்தின் அளவு சரிதானா என்று கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொன்னாலே தெரிந்துவிடும்.

படி 5: முதல் பாடம்

முதல் நாளே எழுதிக் காட்டாதீர்கள். ஒரு பொருளைக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் தளம் போட்டு மிஞ்சிய ஓர் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துப் போனேன். நடுவில் எட்டு இதழ் பூ, சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி. கேமராவின் கீழ் வைத்ததும் டிவியில் பூ தெரியவில்லை, டியூப் லைட்தான் தெரிந்தது. இந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிறார்கள். அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு எடுப்பார்கள். பாலிஷ் போடாமலே கிடைக்கும் அந்த வழவழப்பு, கண்ணாடியிலிருந்து வந்தது. கேமராவுக்கு அதுவே வில்லங்கம். தலைக்கு மேல் இருந்த விளக்கை அணைத்ததும் பூ வந்தது.

அப்புறம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பூவின் நடுவே நிமிர்த்தி வைத்தேன். பாதிப் பூ கண்ணாடிக்குள் போய் முழுப் பூவாக வேண்டும். வரவில்லை. நேர் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குக் கண்ணாடியின் விளிம்பு மட்டும்தான் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போனைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டியதும் சரியானது. கண்ணாடியைச் சமச்சீர்க் கோட்டிலிருந்து லேசாகத் திருப்பினால் பூ கசங்குகிறது, மறுபடி கோட்டுக்கு வந்தால் மலர்கிறது. இதைக் கரும்பலகையில் எப்படி வரைவது?

சமச்சீர்க் கோடு எத்தனை என்று கேட்டேன். எட்டு என்றார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, ‘இல்ல டீச்சர், இதழுக்கு நடுவுல கண்ணாடிய வச்சாத்தான் சரியா வருது. ரெண்டு இதழுக்கு இடையில வச்சா செவப்புக்கு எதிர செவப்பே வருது, அங்க மஞ்சள்தான இருக்கணும்’ என்றாள். நிறத்தை விட்டுவிட்டால் எட்டு, நிறத்தையும் சேர்த்தால் நாலுதான். நான் தயார் செய்து போன பாடத்தில் இது இல்லை. அவளையே மேசைக்கு அழைத்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். மீதிப் பீரியட் அவளுடையது.

படி 6: பதிவு செய்தால்

பல போன்களில் கேமராவைத் தொடாமல் விட்டால் சில நிமிடங்களில் தானாக மூடிக்கொள்ளும். பதிவு ஓடிக்கொண்டிருந்தால் மூடாது, அன்று வராத பிள்ளைகளுக்கு அனுப்பவும் ஆகும். வீடியோ தரம் 1080பியில் இருந்தால் பல போன்கள் நிமிடத்துக்கு 100 எம்பிக்கு மேல் விழுங்கும், 720பி போதும். சட்டத்துக்குள் கை மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளின் முகம், நோட்டு அட்டையில் இருக்கும் பெயர் இவை வந்துவிட்டால் அந்தப் பதிவைப் பகிராதீர்கள்.

இது பழகிய பிறகு பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடுகளுக்குப் போகலாம். 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் இவை இருக்கின்றன. தீக்ஷா என்ற அரசுச் செயலியில் ஸ்கேன் செய்து, சிக்னல் உள்ள இடத்திலேயே காணொளியை இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இண்டர்நெட் தேவைப்படாது.

பீரியட் முடிந்ததும் ஸ்டாண்டை அன்றே ஆய்வகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் அறிவியல் டீச்சர் இப்போது என்னிடம் மட்டும் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருகிறார்.