உண்ணும் பூக்களை உலர்த்துவது எப்படி: நிழல் மட்டும் போதாது

உலர்ந்த சங்குப்பூவைக் கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சில பொட்டலங்களில் நாலைந்து பூவிலேயே ஆழ்ந்த நீலம் இறங்கிவிடும். சிலவற்றில் ஒரு கைப்பிடி போட்டாலும் சாம்பல் பூத்த தண்ணீர்தான் கிடைக்கும். பூ ஒன்றுதான், பெரும்பாலும் உலர்த்திய விதம்தான் வேறு. சங்குப்பூ, செம்பருத்தி, ஆவாரம்பூ, வேப்பம்பூ, பன்னீர் ரோஜா ஆகிய ஐந்தையும் வீட்டிலேயே உலர்த்தி வைத்துக்கொள்கிறேன். எந்தப் பூவுக்கு எந்த முறை சரிவருகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

‘பூவை நிழலில் உலர்த்த வேண்டும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. சங்குப்பூவின் நீலத்துக்கும் செம்பருத்தியின் சிவப்புக்கும் காரணமான ஆந்தோசயனின்கள் என்ற நிறமிகளை வெயில் வெளுக்கச் செய்யும் என்பதால் நிழல் தேவைதான். ஆனால் பறித்த பூவில் ஈரம் இருக்கும்வரை அதன் நொதிகளும் (வேதிமாற்றங்களைத் தூண்டும் புரதங்கள்) வேலை செய்துகொண்டே இருக்கும். நிறத்தைச் சிதைத்து இதழைக் கருக்கவைப்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பூவிதழில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். அந்த நீர் மெதுவாகப் போகப் போக நொதிகளுக்குக் கிடைக்கும் நேரமும் கூடுகிறது. மூடிய அறையில் புழுங்கிக்கொண்டு மூன்று நான்கு நாள் கிடக்கும் பூவுக்கு நிழலால் ஒரு நன்மையும் இல்லை. வெளிச்சம் படக்கூடாது, காற்று ஓட வேண்டும், சீக்கிரம் காய வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் நிறம் நிற்கும்.

பூவைத் தேர்ந்தெடுப்பது

மாலை கட்டும் கடைகளில் வாங்கிய ரோஜாவைச் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். அது பூச்சிமருந்து அடித்து வளர்த்ததாக இருக்கலாம். அரளி, ஊமத்தை, செங்காந்தள் போன்றவை நஞ்சு, உலர்த்தினாலும் நஞ்சுதான். 2024 மே மாதத்தில் கேரளக் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், இந்த நஞ்சுக்கு அஞ்சி நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. எனவே, பெயர் உறுதியாகத் தெரியாத பூவைத் தொடவே வேண்டாம்.

காலையில் பனி காய்ந்ததும், வெயில் ஏறுவதற்குள் பறித்துவிடுங்கள். ரோஜாவுக்கு இது மிக முக்கியம். வெயில் ஏற ஏற மணம் காற்றோடு போய்விடும்.

காம்பும் புல்லிவட்டமும்

நிறையப் பேருக்குப் பூசணம் பிடிப்பது இந்த இடத்தில்தான். சங்குப்பூவின் நீல இதழ் தாள் போல மெல்லியது, விரைவில் காய்ந்துவிடும். அடியில் இருக்கும் பச்சைப் புல்லிவட்டம் தடிமனானது. இதழ் மொறுமொறுவென்று ஆன பிறகும் அதற்குள் ஈரம் இருக்கும். வெளியே தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று பாட்டிலில் அடைத்தால், உள்ளிருக்கும் ஈரம் கசிந்து இதழ்களை நமத்துப்போக வைக்கும். பிறகு வெள்ளைப் பூசணம் படரும்.

கட்டைவிரல் நகத்தால் புல்லிவட்டத்தைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். பொறுமை இல்லை, முழுப் பூவாகத்தான் வேண்டும் என்றால், சோதனையை இதழில் செய்யாமல் அடிப்பகுதியில் செய்யுங்கள். ஒரு பூவை எடுத்து அடியை இரண்டாக ஒடியுங்கள். ‘டக்’ என்று முறிந்தால் காய்ந்துவிட்டது. வளைந்து நார் போல இழுத்தால் இன்னும் காய வேண்டும்.

செம்பருத்தியில் புல்லிவட்டத்தோடு நடுவில் நீண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் எடுத்துவிட்டு, இதழ்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். ஆவாரம்பூவைத் தட்டில் உதறினால் உள்ளிருக்கும் சிறு பூச்சிகள் வெளியே வந்துவிடும். மொட்டுகள் காய நேரம் பிடிக்கும், அவற்றைத் தனியே பொறுக்கிவிடுங்கள்.

எதில் பரப்புவது

செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், மை ஒட்டும். எவர்சில்வர் தட்டில் பூவின் அடிப்பக்கம் வியர்த்துவிடும். மரச்சட்டத்தில் கொசுவலையை இழுத்து அடித்த தட்டுதான் என் தேர்வு. மேலும் கீழும் காற்று போகும், செம்பருத்தியின் வழுவழுப்பும் துணியில் ஒட்டுவது போல ஒட்டாது. பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள்.

எந்தப் பூவுக்கு எந்த முறை

*வேப்பம்பூ*: இதற்கு மட்டும் நேர் வெயில். ரசத்திலும் பச்சடியிலும் நாம் தேடுவது அதன் கசப்பை, நிறத்தை அல்ல. வெயில் அந்தக் கசப்பைப் போக்குவதில்லை. பங்குனி, சித்திரையில் மரத்தடியில் வேட்டியை விரித்து வைத்தால் காலையில் பூ உதிர்ந்திருக்கும். முறத்தில் புடைத்துத் தூசியை நீக்கி, வெயிலில் கலகலவென்று ஆகும்வரை காயவிட்டு எடுத்து வையுங்கள்.

*ஆவாரம்பூ*: மஞ்சள் நிறத்தை வெளிச்சம் வெளுத்துவிடும். நிழலும் காற்றும் போதும். பொங்கலையொட்டிப் பூ நிறையக் கிடைக்கும். அப்போதே உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

*சங்குப்பூ*: கோடையில் மின்விசிறிக் காற்றுபடும் நிழல் போதும். மழைக்காலத்தில் டீஹைட்ரேட்டரில் (சூடான காற்றை ஓடவிட்டு உலர்த்தும் மின்கருவி) 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வைத்து உலர்த்துங்கள்.

*செம்பருத்தி*: வழுவழுப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நிழலில் மெதுவாகக் காயும், அதற்குள் கருத்தும்விடும். இதற்கு 50 டிகிரியில் டீஹைட்ரேட்டர்தான் நல்லது. கடலோர ஊர்களின் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் நிழலை நம்பவே வேண்டாம்.

*பன்னீர் ரோஜா*: நாம் காப்பாற்ற வேண்டியது எளிதில் ஆவியாகும் மணத்தை. 40 டிகிரியைத் தாண்டாதீர்கள். சூடு கூடினால் வேலை சீக்கிரம் முடியும், இதழும் பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் மணம் இருக்காது. காற்றோட்டமான நிழல் கிடைத்தால் அதுவே போதும்.

சூடு எப்போதும் மணத்தைக் கெடுக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். குங்குமப்பூவில் கதை வேறு. அதிலுள்ள பிக்ரோகுரோசின் என்ற கசப்புப் பொருள் உலரும்போது சிதைந்துதான் சாஃப்ரனால் என்ற மணப்பொருள் உருவாகிறது. ஸ்பெயினின் லா மஞ்சாவில் பூவின் நடுவிலுள்ள சிவப்பு இழைகளான சூல்முடிகளைச் சல்லடையில் பரப்பி மெல்லிய தணலில் வாட்டுகிறார்கள். அதனால்தான் உலர்ந்த குங்குமப்பூவில் இருக்கும் வாசம் பறித்த பூவில் இருப்பதில்லை.

டீஹைட்ரேட்டர் வாங்குபவர்கள் வெப்பத்தைக் குறைத்து வைக்கும் திருகு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே சூட்டில் ஓடும் மலிவான வகை காய்கறிக்கு ஆகலாம், ரோஜாவுக்கு ஆகாது. உறைநிலை உலர்த்தல் என்று ஒன்று உண்டு: பூவை உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரடியாக ஆவியாக்குவது. நிறமும் வடிவமும் அப்படியே நிற்கும். இயந்திரத்தின் விலை வீட்டுக்குக் கட்டாது.

பாட்டிலில் போடும் முன்

சூடு ஆறிய பிறகு, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். சலசலவென்று ஓசை வர வேண்டும். உட்புறக் கண்ணாடியில் ஆவி படிந்தாலோ இதழ்கள் ஒட்டிக்கொண்டாலோ உடனே எடுத்து மறுபடி உலர்த்துங்கள். பூசணம் தெரிந்துவிட்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

உங்கள் முறை சரியா என்று அறிய எளிய வழி: இரு விதமாக உலர்த்திய சங்குப்பூவில் ஐந்தைந்தை இரண்டு கண்ணாடி டம்ளரில் போட்டு, ஒரே அளவு வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். நீலத்தின் ஆழம் உடனே தெரியும். இரண்டிலும் எலுமிச்சை பிழியுங்கள். நன்றாக உலர்ந்தது பளிச்சென்ற ஊதாவுக்கு மாறும், கெட்டது மங்கலாகவே நிற்கும்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

‘மாலையில் மொறுமொறுப்பாக இருந்த பூ காலையில் நமத்துப்போகிறது’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். இரவுக் காற்றின் ஈரத்தைப் பூ இழுத்துக்கொள்கிறது. சூரியன் இறங்குவதற்குள் தட்டை உள்ளே எடுத்து, மூடிய டப்பாவில் வைத்து, மறுநாள் காலையில் மீண்டும் பரப்புங்கள்.

மைக்ரோவேவில் செய்யலாமா? ஒரு பக்கம் கருகும்போது மறுபக்கம் ஈரமாக இருக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்து உலர்த்தும் முறை அலங்காரப் பூவுக்கானது. நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருக்கும். உண்ணும் பூவின் மேல் அது படவே கூடாது.

பூவைப் பொடித்து வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பொடித்தால் காற்றுபடும் பரப்பு கூடி, நிறமும் மணமும் விரைவில் போகும். முழுப் பூவாகவே இருட்டான அலமாரியில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் பொடித்துக்கொள்ளுங்கள்.