கோழி குறுகி நின்றால்: கொல்லைக் கோழிகளுக்கு வீட்டு வைத்தியம்

கோழி நோயை மறைக்கும். சோர்ந்த கோழியை மற்றவை கொத்தி விரட்டும் என்பதால், காலில் தெம்பிருக்கும் வரை அது மேய்வதுபோல் நடிக்கும். தரையைக் கொத்தும், வாய்க்குள் எதுவும் போயிருக்காது. இறகைச் சிலிர்த்துக் கழுத்தை உள்ளிழுத்துக் குறுகி நிற்பது உங்கள் கண்ணில் படும்போது, பெரும்பாலும் நோய் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆகியிருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட அதனால்தான் நேரம் இருப்பதில்லை.

எந்த இலையை அரைப்பது என்றுதான் பலரும் எடுத்த எடுப்பில் கேட்கிறார்கள். அதற்கு முன் இரண்டு கேள்விகள் உண்டு. கோழியைப் பிரித்து வைத்தாயிற்றா? கோளாறு எங்கே இருக்கிறது? தோல், கால், இறகு, தீனிப்பை, முட்டை வழி ஆகியவற்றில் வரும் கோளாறுகள் வீட்டு வைத்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படும். வைரஸும் குடல் ஒட்டுண்ணியும் எந்த அரைப்புக்கும் அசைவதில்லை. இந்தப் பிரிவினை தெரியாமல் மருந்து அரைப்பதில் நேரம்தான் போகும்.

முதல் ஒரு மணி நேரம்

கோழியைத் தனியாக எடுத்து, சுமார் இரண்டடிக்கு இரண்டடி உள்ள அட்டைப்பெட்டியிலோ கூண்டிலோ விடுங்கள். அடியில் வெள்ளைத்தாள் விரியுங்கள். எச்சம் தெளிவாகத் தெரியும். காற்று வர வேண்டும், ஆனால் நேராக வீசக்கூடாது. நோயுற்ற வளர்ந்த கோழிக்கு 27 முதல் 30 டிகிரி வெப்பம் இதமானது. பல்பு போட்டால் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் போடுங்கள்; சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். கோழியின் இயல்பான உடல் வெப்பமே 41, 42 டிகிரி. கையில் எடுத்ததும் சுடுகிறது என்று காய்ச்சலாக எண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது நீர். பசியைவிட நீர் வற்றுவதுதான் கோழியைச் சீக்கிரம் சாய்க்கும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரையுங்கள். அரை நாள் இது, அரை நாள் வெறும் தண்ணீர் என்று இரண்டு நாள் கொடுத்தால் போதும். உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். அதிக உப்பு கோழிக்கு நஞ்சு.

தானாகக் குடிக்காவிட்டால் சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. வாயைப் பிளந்து ஊற்றவே கூடாது. கோழியின் மூச்சுக்குழாய் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்து கிடக்கிறது, ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போய்விடும். மருந்து கொடுத்த உடனே செத்துவிட்டது என்று சொல்லப்படும் கோழிகளில் பல இப்படி மூச்சுத் திணறிப் போனவைதான்.

தீனி வைக்கும்போது நல்ல கோழிகளுக்கு முதலில், நோயுற்றதற்குக் கடைசியில். பிறகு கை, செருப்பு இரண்டையும் கழுவுங்கள்.

தலை முதல் கால் வரை

கோழி அடைந்த பிறகு, மங்கிய வெளிச்சத்தில் பிடித்தால் துடிக்காது. கொண்டை வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு; ரத்தம் குடிக்கும் செல் என்ற சிறு பூச்சியையும் குடற்புழுவையும் சந்தேகப்படுங்கள். மூக்கில் சளி, கண்ணில் நுரை, வாய்க்குள் மஞ்சள் படிவு இருக்கிறதா பாருங்கள். நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள். கத்தி முனைபோல் துருத்தினால் பல நாளாகவே இளைத்து வந்திருக்கிறது. பிறகு வயிறு, ஆசனவாயைச் சுற்றிய இறகு, சிறகின் அடி, பாதத்தின் அடி.

எச்சத்தைப் படிக்கத் தெரிவது பாதி வைத்தியம். பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், மேலே வெள்ளைத் தொப்பி போட்டது நல்ல எச்சம். எட்டு, பத்து முறைக்கு ஒருமுறை கடுகு நிறத்தில் கூழாக, நாற்றமடிக்கும் எச்சம் வரும். புதியவர்கள் இதைக் கழிச்சல் என்று பதறுவார்கள். அது பெருங்குடல் வாயிலுள்ள பைகளிலிருந்து வருவது, முற்றிலும் இயல்பு. அடைக்கோழி உருண்டையாக, பெரிதாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு போடுவதும் நோயல்ல. பச்சைத் தண்ணீராகவோ ரத்தம் கலந்தோ வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தீனிப்பை: விடிகாலைச் சோதனை

கழுத்தின் அடியில், நெஞ்சின் வலப்பக்கம் இருக்கும் பை இது. மாலையில் நிறைந்திருக்கும், விடிகாலையில் தீனி வைக்குமுன் காலியாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தொட்டுப் பார்த்தால் இரண்டு வகைக் கோளாறு பிடிபடும்.

மாவு உருண்டைபோல் கெட்டியாக இருந்தால் அடைப்பு. நீளமான காய்ந்த புல், நூல், பிளாஸ்டிக் கயிறு உள்ளே சுருண்டிருக்கும். 24 மணி நேரம் தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள். 2 அல்லது 3 மில்லி சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் கழித்து விரல் நுனிகளால் பையை மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கு தடவை. உருண்டை இளகினால் ஊறிய மென்தீனியைக் கொஞ்சமாகத் தொடங்கலாம். இரண்டு நாளிலும் இளகாவிட்டால் மருத்துவர் பையைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் பலூன்போல் தளதளத்து, வாயில் புளித்த வாடை வீசினால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கிறது. இதற்கும் தீனி நிறுத்தம்தான் முதல் படி. தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்க வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், வரும் நீர் மூச்சுக்குழாயில் இறங்கும். ஒரு நாளில் குறையாவிட்டால் பூஞ்சைக்கான மருந்து தேவை.

அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் அரைவைக் கல் கிடைக்கிறதா பாருங்கள். கோழிக்குப் பல் கிடையாது, குறுமணிக் கற்களை விழுங்கித்தான் தீனியை அரைக்கிறது. கூண்டிலேயே அடைத்து வளர்த்தால் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுக் கற்களைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கிளிஞ்சல் தூள் இதற்கு மாற்றாகாது, வயிற்றில் கரைந்துவிடும்.

பேனும் செல்லும்

இரண்டும் ஒன்றென்று நினைத்து வைத்தியம் பார்ப்பதால்தான் பாதிப் பேருக்குப் பலன் கிடைப்பதில்லை. பேன் கோழியின் மேலேயே வாழ்கிறது. ஆசனவாயைச் சுற்றி இறகை ஒதுக்கினால் வைக்கோல் நிறத்தில் ஓடும்; இறகின் அடிக்காம்பில் வெள்ளைத் திரளாக ஈறு ஒட்டியிருக்கும். சிவப்புச் செல் பகலில் கோழியின் மேல் இருக்கவே இருக்காது. கோழி அடையும் கம்பின் இடுக்கிலும் பலகைச் சந்திலும் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகு ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடுபவர்கள் ஏமாறுவது இதில்தான். கோழி அடைந்து இரண்டு மணி நேரம் கழித்து, கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத்தாளால் துடையுங்கள். தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் செல் இருக்கிறது. அடைக்கோழி திடீரென முட்டையை விட்டு எழுந்துபோவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

பேனுக்குக் கோழியைக் கவனிக்க வேண்டும், செல்லுக்குக் கூட்டை.

பேனுக்கு மண்குளியல் தொட்டி நல்ல தொடக்கம். இரண்டடிச் சதுரத்தில் ஒரு அடி ஆழத்துக்கு, இரண்டு பங்கு காய்ந்த மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு சலித்த விறகுச் சாம்பல். மழை படாத இடத்தில் வையுங்கள். நனைந்த சாம்பல் காரமாகித் தோலைப் புண்ணாக்கும். பெயின்ட் அடித்த மரமோ பிளாஸ்டிக்கோ எரிந்த சாம்பலும் ஆகாது. அதிகம் பிடித்த கோழிக்கு, ஒரு பங்கு வேப்பெண்ணெயைப் பத்துப் பங்கு தேங்காயெண்ணெயில் கலந்து, சிறகடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் தோலில் படும்படி விரலால் தொட்டுத் தடவுங்கள். இறகை ஊறவைத்தால் குளிர் தாங்கும் சக்தி போய்விடும். ஈறு இதற்குச் சாகாது. ஆகவே ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் திரும்பச் செய்ய வேண்டும். ஒருமுறை தடவினேன், மறுபடி வந்துவிட்டது என்ற புலம்பலுக்குக் காரணம் ஈறுதான், எண்ணெய் அல்ல.

செல்லுக்கு: கூட்டைக் காலிசெய்து, பழைய படுக்கையை எரித்துவிடுங்கள். கொதிநீரை ஒவ்வோர் இடுக்கிலும் ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 10 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து குலுக்கிச் சந்துகளில் தெளியுங்கள். சோப்புத் திரவம் இல்லாமல் எண்ணெய் நீரில் கலக்காமல் மேலே மிதக்கும். கம்பின் இரு முனைகளிலும் வாசலின் பூசினால் ஏறும் வழி அடைபடும். வெப்பமான நாட்களில் செல் ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை பெருகிவிடும். எனவே ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று தடவையாவது செய்யுங்கள். கோழி இல்லாமல் கூட்டைச் சும்மா பூட்டிப்போட்டால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். ரத்தமில்லாமலே பல மாதம் தாங்கும்.

கால்

காலில் செதில் தூக்கிக்கொண்டு, வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் செதிலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடைந்திருக்கிறது. வெதுவெதுப்பான சோப்புநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, துடைத்து, செதில் முழுவதும் வாசலினோ எண்ணெயோ தடித்துப் பூசுங்கள். பூச்சி மூச்சடைத்துச் சாகும். மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு வாரம். பொருக்கைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும். மண்ணெண்ணெய் வேண்டாம், பூச்சியோடு தோலும் வெந்துபோகும்.

பாதத்தடியில் வீக்கமும் நடுவில் கறுப்புப் பொருக்கும் இருந்தால், சிறு காயம் வழியாகப் பாக்டீரியா புகுந்திருக்கிறது. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து, கை தாங்கும் சூட்டில் 15 நிமிடம் பாதத்தை ஊறவையுங்கள். பிறகு துடைத்து, போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, காஸ் துணியில் தேன் வைத்துக் கட்டுங்கள். தினமும் கட்டு மாற்ற வேண்டும். கத்தியால் தோண்டுவது மருத்துவர் வேலை. அங்கே தசைநாண்கள் ஓடுகின்றன. வெட்டுவதைவிட, ஏன் வந்தது என்று பாருங்கள்: உயரமான கம்பிலிருந்து கனத்த கோழி கடினத் தரையில் குதிக்கிறதா, கம்பில் சிம்பு இருக்கிறதா?

முட்டை சிக்கிக்கொண்டால்

வாலைத் தாழ்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, அடிக்கடி முக்கும் பெட்டையைப் பார்த்தால் மற்ற வேலையை விடுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முட்டை வெளியேறாவிட்டால் உயிருக்கு ஆபத்து. 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் வயிறு நனையும்வரை 20 நிமிடம் உட்காரவையுங்கள். நன்றாகத் துவட்டி, ஆசனவாயில் எண்ணெய் தடவி, இருட்டான வெதுவெதுப்பான பெட்டியில் ஒரு மணி நேரம் விடுங்கள். இதை மூன்று தடவை வரை செய்யலாம். வயிற்றை அமுக்கித் தள்ளாதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத்துண்டு குத்திச் சீழ் பிடிக்கும்.

முட்டையை வெளியே தள்ளும் தசை இயங்கவும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தோல்முட்டை, மெல்லோட்டு முட்டை முன்னரே வந்திருந்தால் அது எச்சரிக்கை. முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதைத் தாமே எடுக்கும். தீனியில் எல்லோருக்கும் சேர்த்துக் கலக்காதீர்கள், குஞ்சுகளின் சிறுநீரகம் கெடும்.

அம்மை

கொண்டை, தாடி, இமையில் கறுத்த பொருக்குகள். கொசு பரப்பும் வைரஸ் இது. வெளியில் மட்டும் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாக ஆறும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுவது வைரஸைக் கொல்வதற்காக அல்ல. புண்ணில் வேறு கிருமி ஏறாமலும் ஈ மொய்க்காமலும் காக்கும். கண்ணுக்குள் படக்கூடாது. கண் ஒட்டிக்கொண்டால் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த வெதுநீரால் துடைத்துத் திறந்துவிடுங்கள். பார்வை மறைந்த கோழி பசியால்தான் சாகும், ஆகவே கையால் ஊட்டுங்கள். பொருக்கைப் பிய்க்க வேண்டாம். உதிர்ந்ததைப் பொறுக்கி எரியுங்கள். அதில் வைரஸ் பல மாதம் இருக்கும். வாய்க்குள் மஞ்சள் படிவாக வரும் அம்மை வேறு வகை. மூச்சை அடைக்கும், மருத்துவரிடம் போங்கள்.

கைவைத்தியம் எட்டாதவை

மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் தூங்கி வழிந்து ரத்தமாகக் கழிந்தால், குடல் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக் கழிச்சல். பூண்டும் மஞ்சளும் இதைக் குணப்படுத்தாது. ஆம்ப்ரோலியம் மருந்தைப் பொட்டலத்தில் உள்ள அளவில் அன்றே தொடங்குங்கள். அது ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் தடுத்து வேலை செய்கிறது. அந்த நாட்களில் பி வைட்டமின் டானிக் கொடுத்தால் மருந்து வீண். வராமல் தடுப்பது உங்கள் கையில்: ஒட்டுண்ணியின் முட்டை ஈரமான படுக்கையில் இரண்டொரு நாளில் முதிர்ந்து தொற்றும். தண்ணீர்த் தட்டைக் குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றிவைத்தால் சிந்துவது குறையும்.

கழுத்து முறுக்கல், பச்சைக் கழிச்சல், அடுத்தடுத்துச் சாவு: இது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட். இதற்கு மருந்தே கிடையாது, முன்கூட்டிப் போடும் தடுப்பூசி மட்டுமே உண்டு. சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைப்பு வைரஸைத் தொடாது. அதைக் குடிநீரில் கரைத்தால் வாடைக்குப் பயந்து கோழி தண்ணீரையே விட்டுவிடும், இருந்த தெம்பும் போகும். பல கோழிகள் திடீரெனச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், அறுக்காமல், கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

தேறிய கோழியைத் திரும்பச் சேர்ப்பது

இரண்டு நாள் முழுதாகத் தின்று, எச்சம் சீரான பிறகே சேர்க்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் பிரிந்திருந்தால் மற்றவை அதை அந்நியமாகவே பார்க்கும். முதலில் இரண்டு மூன்று நாள் கம்பிவலைக்கு அப்பால், கண்ணில் படும்படி வையுங்கள். பிறகு எல்லாம் அடைந்தபின், இருட்டில் கம்பில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் விடியலில் தீனித்தட்டு இரண்டு இடத்தில் இருக்கட்டும். முதல் அரைமணி நேரம் நீங்களும் அங்கேயே நில்லுங்கள். கொண்டையில் ரத்தம் தெரிந்தால் உடனே எடுத்துவிடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவையும் வந்து கொத்தும்.