ஆகாயத்தாமரையை எங்கே முதலில் அகற்றுவது? கணித மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி ஏரிகளில் ஆகாயத்தாமரையையும் சீமைக்கருவேலத்தையும் ஒரே மூச்சில் அகற்றிவிட முடியாது. எந்த இடத்தில் முதலில் கை வைப்பது என்று தீர்மானிக்க, பரவலைக் கணக்கிட்டுக் காட்டும் கணித மாதிரி உதவும், அதனிடம் கேட்கும் கேள்வி சரியாக இருந்தால்.

பெரும்பாலும் கேள்விதான் பிசகுகிறது. மேக்ஸென்ட் போன்ற மென்பொருள், ஒரு செடி எங்கெல்லாம் செழித்து வளரக்கூடும் என்று மட்டுமே சொல்லும். அது தரும் வரைபடத்தையே வேலைத் திட்டமாக்கக் கூடாது. வறட்சி, உவர்மண் இரண்டையும் தாங்கும் சீமைக்கருவேலத்துக்குக் கடலோரம் முழுக்கச் சிவப்பாக, அதாவது செழிக்கக்கூடிய இடமாக, வரும். அதை வைத்து எதை முடிவு செய்வது? ஒரு லட்சம் ரூபாயை இந்த இடத்தில் செலவிட்டால் ஐந்து ஆண்டில் எவ்வளவு பரவல் குறையும் என்று இடத்துக்கு இடம் கணக்கிட்டு, அதன்படி வரிசைப்படுத்துங்கள்.

அடர்ந்த இடத்தில்தான் முதலில் இறங்க வேண்டும் என்பதும் தவறு. ஒரு ஹெக்டேர் வட்டச் செடித் திட்டு எல்லாப் பக்கமும் 1 மீட்டர் விரிந்தால் கூடுவது சுமார் 358 சதுர மீட்டர். அதே பரப்பு 100 சிறு திட்டுகளாகச் சிதறியிருந்தால் சுமார் 3,860 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 11 மடங்கு. மூடி (Moody), மேக் (Mack) ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1988-லேயே இதைக் கணித மாதிரியால் காட்டினார்கள். புதிதாக முளைத்த சிறு திட்டுகளை விட்டுவிட்டு ஏரி நடுவில் இயந்திரத்தை இறக்கினால் பரவல் நிற்காது.

பரவலை நேர்கோட்டுத் தூரத்தால் அளக்காதீர்கள். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. வீராணத்துக்குக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக. ஆகாயத்தாமரை மிதந்து வரும் பாதையும் அதுதான். வாய்க்கால்களைத் திசையோடு இணைத்த வலையமைப்பாக மாதிரியில் வையுங்கள். மேலே விட்டுவிட்டுக் கீழே அள்ளினால் அடுத்த தண்ணீர் திறப்பில் மறுபடி வந்து சேரும். 1 கிலோமீட்டர் கட்டங்களில் உள்ள தட்பவெப்பத் தரவில் வாய்க்கால் தெரியவே தெரியாது. சீமைக்கருவேலத்துக்கோ ஆடுமாடுகள் மேயும் தடம்தான் பாதை. காயைத் தின்று சாணத்தோடு விதையைப் போடுகின்றன. ஊசுட்டேரி புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் கிடப்பதால், நிர்வாக எல்லையில் வரைபடத்தை வெட்டினால் பாதி ஏரி காணாமல் போகும்.

தரவிலும் கவனம் தேவை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மட்டும் பதிவு எடுத்தால், செடி சாலையை விரும்புவதாக மாதிரி கற்றுக்கொள்ளும். பதிவு இல்லாத இடத்தைச் செடி இல்லாத இடமாகவும் எண்ணக் கூடாது. ஒருமுறை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 60 விழுக்காடு என்றால், இருந்தும் தவறவிடும் வாய்ப்பு 40. மூன்று முறை போனால் 6.4 ஆகிவிடும்.

மறுவேலைச் செலவைச் சேர்க்காத கணக்கு செல்லாது. ஆகாயத்தாமரை 14 நாளில் இரட்டிப்பதாகக் கொண்டால், விட்டுப்போன 5 விழுக்காடு சுமார் 60 நாளில் பழைய அளவை எட்டும். செடிகள் நெருக்கமாகும்போது வளர்ச்சி குறைவதால் சற்றுத் தாமதமாகலாம், அவ்வளவுதான். சேற்றில் கிடக்கும் விதை பல ஆண்டு முளைக்கும். முதல் அள்ளலோடு தொடர் கண்காணிப்புக்கும் பணம் ஒதுக்க முடியாத இடத்தைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.

கடைசியாக, இரட்டிக்கும் காலத்தை 8 நாள், 14 நாள், 20 நாள் என்று மாற்றி மாதிரியை ஓட்டிப் பாருங்கள். எல்லா ஓட்டத்திலும் பட்டியலில் மேலே நிற்கும் இடங்களில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேலையைத் தொடங்கலாம். பட்டியலில் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களுக்கு முதலில் ஆளை அனுப்பி அளந்து வாருங்கள்.