சம்பா வயலில் நிற்பது பாசனத் தண்ணீரா, வெள்ளமா? ரேடார் படத்தில் பிரித்துப் பார்க்கும் முறை

2022 நவம்பர் 12 காலை வரையிலான 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மேகம் மூடியிருக்கும். சாதாரண செயற்கைக்கோள் படத்தில் வயலே தெரியாது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 அனுப்பும் ரேடார் அலை மேகத்தைத் துளைத்து வரும். படங்கள் இலவசம்.

செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் கணக்கு தொடங்குங்கள். ஆய்வு, கல்விப் பயன்பாட்டுக்குக் கட்டணமில்லை. கொள்ளிடம் முதல் தரங்கம்பாடி வரை ஒரு கட்டம் வரைந்து, சென்டினல்-1 தொகுப்பில் வி.எச். (செங்குத்தாக அனுப்பிய அலை கிடையாகத் திரும்புவதைப் பதியும்) அலைவரிசையை எடுங்கள். அமைதியான நீர்ப்பரப்பு, சாய்த்துப் பிடித்த கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் திருப்பிவிடும். அதனால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும்.

அடுத்து, வெள்ள நாள் படத்தோடு ஒப்பிட, வெள்ளத்துக்கு முந்தைய படம். காவிரி டெல்டாவில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. பல வழிகாட்டிகள் வறண்ட மாதத்துப் படத்தை எடுக்கச் சொல்கின்றன. மே மாதத்தோடு நவம்பரை ஒப்பிட்டால், சம்பாவுக்குப் பாய்ச்சிய தண்ணீரும் வெள்ளக் கணக்கில் சேர்ந்துவிடும். சேறடித்து நாற்று நட்ட வாரத்துப் படத்தை எடுத்தாலோ வயல் முன்பே கறுப்பு. வெள்ளம் வந்தாலும் மாற்றம் தெரியாது. ஆகவே நடவு முடிந்து பயிர் பச்சை கட்டியபின், மழைக்கு ஓரிரு வாரம் முந்தைய படமே சரி. தாளடி (குறுவை அறுவடைக்குப் பின் நடும் இரண்டாம் போகம்) நடவு தாமதமான ஊர்களில் அந்தப் படத்திலும் வயல் கறுப்பாக இருக்கும். அவற்றைத் தனி நிறத்தில் 'சந்தேகம்' என்று குறித்து வையுங்கள். வெள்ளம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டு படங்களும் ஒரே சார்புச் சுற்றுப்பாதை எண்ணில் (relative orbit number) எடுத்தவையா என்று பாருங்கள். பார்க்கும் கோணம் மாறினால் வெள்ளம் இல்லாமலே நிறம் மாறும்.

சரி, இனி கணக்கு. ரேடார் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். 50 மீட்டர் ஆரத்தில், சுற்றியுள்ள மதிப்புகளில் நடுவில் வருவதை எடுக்கும் இடைநிலை வடிகட்டி போடுங்கள். அதற்கு மேல் போனால் சிறு வயல்களும் வாய்க்கால்களும் அழிந்துவிடும். அப்புறம் புதிய படத்திலிருந்து பழையதைக் கழியுங்கள். மதிப்பு டெசிபலில் இருப்பதால், 3 குறைந்தால் திரும்பி வந்த அலை பாதியாகிவிட்டது என்று பொருள். அதையே தொடக்க எல்லையாக வைத்து, நன்றாகத் தெரிந்த ஓர் ஊரில் பொருந்துகிறதா என்று பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

ஆறு, ஏரி, இறால் குட்டைகளில் எப்போதும் தண்ணீர் உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் உலக நீர்ப்பரப்புத் தரவில் ஆண்டுக்குப் 10 மாதமோ அதற்கு மேலோ நீர் நிற்கும் இடங்களை எடுத்து நீக்குங்கள். புதிதாக வெட்டிய குட்டை அதில் இருக்காது. கையால் நீக்க வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். பயிர் முழுதாக மூழ்கினால்தான் கறுப்பு. நுனி வெளியே தெரிய, முட்டளவு தண்ணீர் நிற்கும் வயலில் அலை நீரிலும் தண்டிலும் பட்டு இரட்டையாகத் திரும்பும். படம் வெளுக்கக்கூட வெளுக்கும். அங்கே வேர் அழுகிக்கொண்டிருக்கும், உங்கள் வரைபடமோ ஒன்றுமில்லை என்று காட்டும். எனவே வி.வி. (செங்குத்தாக அனுப்பிய அலை செங்குத்தாகவே திரும்புவதைப் பதியும்) அலைவரிசையிலும் அதே கழித்தலைச் செய்து, 3 டெசிபலுக்கு மேல் கூடிய இடங்களைத் தனி அடுக்காக வையுங்கள்.

கடைசியாகப் பரப்பை ஹெக்டேரில் கணக்கிடுங்கள். மூழ்கியது, வெளுத்தது, சந்தேகம் என்று மூன்று எண்ணாகவே கொடுங்கள். வெளுத்த இடங்களின் பட்டியலோடு அந்தந்த ஊர் விவசாயிகளிடம் முதலில் பேசுங்கள். எந்த வடிகால் அடைத்துத் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.