காகிதத்தில் கோண்டுவானா: கத்தரித்து ஒட்டிப் பார்க்கலாம் வாங்க

தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த பெருநிலம்தான் கோண்டுவானா. தேவை: உலக உருண்டை, டிரேசிங் பேப்பர், கத்தரிக்கோல், நாலு கலர் பென்சில். சுவரில் மாட்டும் உலகப் படம் வேண்டாம். அதில் அண்டார்டிகா இழுபட்டுக் கிடக்கும். அதை நம்பி அரை நாளைத் தொலைத்தவன் நான்.

1. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஐந்தையும் உருண்டையிலிருந்து வரைந்து வெட்டுங்கள். இந்தியாவை இமயமலை அடிவாரத்தோடு நறுக்கிவிடுங்கள். கரைக்கு வெளியே வெளிர்நீலமாகத் தெரியும் கண்டத்திட்டையும் (கடலுக்கடியில் நீளும் கண்டத்தின் ஆழமற்ற ஓரம்) சேர்த்து வெட்டுங்கள். கடல்மட்டம் ஏறி இறங்கினால் கரை மாறும். கண்டத்தின் நிஜ ஓரம் திட்டு முடிகிற இடம்.

2. அழிந்துபோன மூன்று விலங்குகள், ஒரு தாவரம், இவற்றின் புதைபடிவம் கிடைத்த இடங்களில் வண்ணம் தீட்டுங்கள். நீலம் மீசோசாரஸ்: தெற்கு பிரேசில், உருகுவே, நமீபியா, தென்னாப்பிரிக்கா. சிவப்பு சைனோக்னாதஸ்: அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா. பழுப்பு லிஸ்ட்ரோசாரஸ்: தென்னாப்பிரிக்கா, வங்காளத்தின் ராணிகஞ்ச் பக்கம், அண்டார்டிகா. பச்சை குளோசோப்டெரிஸ் என்ற தாவரம்: ஐந்திலும்.

இந்தப் பச்சைக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். நாக்கு வடிவ இலை, தடித்த நடுநரம்பு, அதிலிருந்து வலைபோலப் பின்னிய நரம்புகள். ராணிகஞ்ச் நிலக்கரி இந்தக் காடு மட்கி வந்ததுதான். 1912-ல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழு சுமார் 16 கிலோ கற்களைச் சறுக்குவண்டியில் இழுத்து வந்தது. சாகும்வரை அவற்றை வீசவில்லை. அந்தக் கற்களில் இதே இலை இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஜெர்மானிய விஞ்ஞானி ஆல்ஃபிரட் வேகனர், கண்டங்கள் நகர்ந்தன என்று ஜெர்மனியில் முதன்முதலாகப் பேசினார்.

3. ஆப்பிரிக்காவை நடுவில் வையுங்கள். பிரேசிலின் மூக்கை கினி வளைகுடாவில் செருகுங்கள். தென்கிழக்கில் அண்டார்டிகா, அதன் ஓரத்தில் ஆஸ்திரேலியாவின் தென்கரை. வண்ணங்கள் கண்டம் தாண்டி ஒரே பட்டையாக ஓடும்.

4. இனி குறுக்கு விசாரணை. மீசோசாரஸ் பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளமே இருந்த ஊர்வன விலங்கு. ஆழமில்லாத நீர்நிலையில் வாழ்ந்தது. அட்லாண்டிக்கை நீந்திக் கடந்திருக்குமா? லிஸ்ட்ரோசாரஸ் பன்றி அளவில், இரண்டு கோரைப்பல்லோடு நிலத்தில் நடந்த பிராணி. 1969-ல் அமெரிக்கத் தொல்லுயிர் ஆய்வாளர் எட்வின் கோல்பர்ட்டின் குழு அதை அண்டார்டிகாவில் கண்டெடுத்தது. கண்டங்களுக்கு இடையில் இருந்த நிலப்பாலம் கடலில் மூழ்கிவிட்டது என்று வேகனர் காலத்தில் சமாளித்தார்கள். கண்டப் பாறை கடல்தளப் பாறையைவிட லேசானது. அவ்வளவு சுலபத்தில் மூழ்காது.

இந்தியா மட்டும் சரியாக உட்காரவில்லையா? இன்றைய வடக்கு தெற்கை மறந்துவிட்டு, நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவைத் தொடும்வரை திருப்புங்கள்.